பயிர் வைரஸ்களைக் கண்டறிய ஒரு புதிய முறை

2020-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்துப் புனே, சாத்தாரா, நாசிக், அகமதுநகர் (இப்பொழுது அகில்யாநகர்) ஆகிய மாவட்டங்களில் தக்காளி பயிரிட்டோர் விந்தையான கேடு ஒன்றைக் கண்டனர். காய்கள் ஒரு சீராகப் பழுக்கவில்லை. ஒரே பழத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்கள் திட்டுத்திட்டாகத் தோன்றின. விவசாயிகள் இதனைத் 'திரங்கா வைரஸ்', அதாவது மூவர்ண வைரஸ் என்று அழைத்தனர். கொரோனாத் தொற்றின் காலமாதலின், இது மனிதரையும் தாக்கும் என்ற வதந்தியும் பரவிற்று. விளைச்சல் குறைந்த துன்பத்தோடு, நல்ல பழத்தையும் மக்கள் வாங்க மறுப்பரோ என்ற கவலையும் விவசாயிக்குச் சேர்ந்தது.

மாதிரிகள் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதிக்கப்பட்டன. அவற்றில் முதன்மையாகக் காணப்பட்டது வெள்ளரித் தேமல் வைரஸ். இது 1916-ஆம் ஆண்டிலேயே அறிவியலுக்கு அறிமுகமானது. அசுவினிப் பூச்சிகளால் பரவுவது. செடிகளைத் தாக்குமேயன்றி மனிதரைத் தாக்காது. வைரஸ் இன்னதெனத் தெரிந்த பின்னரே வதந்திக்குத் தக்க விடை கூற முடிந்தது.

வைரஸின் பெயரை அறிதல் ஏன் வேண்டும்?

இலை சுருங்குதல், மஞ்சளித்தல், தேமல் விழுதல் ஆகிய குறிகள் பல வைரஸ்களுக்கும் பொதுவானவை. சத்துக் குறைவினாலும் இவை தோன்றுவதுண்டு. ஆனால் பரவும் வழிகள் வெவ்வேறானவை. வெள்ளரித் தேமல் வைரஸை அசுவினியும், இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈயும், நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸை இலைப்பேனும் பரப்புகின்றன. தக்காளி இம்மூன்றிற்கும் ஆளாகக்கூடிய பயிராகும். எனவே பெயர் அறியாமல் மருந்து தெளிப்பது வீண் செலவாக முடியலாம்.

பழைய முறைகளும் அவற்றின் குறையும்

புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் பொருள், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்கிறது என்பதை 1892-இல் இவானோவ்ஸ்கி காட்டினார். 1935-இல் ஸ்டான்லி அவ்வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1977 முதல் 'எலைசா' என்னும் சோதனை பயிர் வைரஸ்களுக்குப் பயன்படலாயிற்று. அதன் பின்னர் 'பி.சி.ஆர்.' முறை வந்தது. இவை விரைவானவை, செலவு குறைந்தவை. எனினும், எந்த வைரஸைத் தேடுகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு அதற்குரிய சோதனைப் பொருளைச் சேர்த்தாக வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் மட்டுமே விடை கிடைக்கும். பெயரே இல்லாத புதிய வைரஸை எவ்வாறு அழைப்பது?

மரபு எழுத்துகளைப் படிக்கும் முறை

இக்குறையை நீக்குவதே மரபு வரிசை அறியும் புதிய முறையாகும். உயிர்களின் மரபுச் செய்தி நான்கு வகை எழுத்துகளால் எழுதப்பட்டது எனக் கொள்ளலாம். புகையிலைத் தேமல் வைரஸின் செய்தி முழுவதும் ஏறக்குறைய 6,400 எழுத்துகளே. நோயுற்ற இலையிலிருந்து ஆர்.என்.ஏ. அனைத்தும் பிரித்தெடுக்கப்படுகிறது. அது டி.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டுச் சிறு துண்டுகளாகக் கருவியில் படிக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான துண்டுகள் ஒரே வேளையில் படிக்கப்படுகின்றன. செடிக்கு உரியவற்றைக் கணிப்பொறி விலக்கிவிடும். எஞ்சியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, முன்பே சேமிக்கப்பட்ட வரிசைகளோடு ஒப்பிடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். 'புனே மாவட்டத்தில்', 'மாவட்டத்தில் தக்காளி', 'தக்காளி பயிராகிறது' என மூன்று சீட்டுகள் எழுதிக் கலந்து மாணவரிடம் கொடுக்க. பொதுவான சொற்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அவர்கள் முழு வாக்கியத்தையும் அமைத்துவிடுவர். கணிப்பொறி செய்வதும் இதுவே.

செடியின் தற்காப்பும் இம்முறைக்குத் துணை செய்கிறது. வைரஸ் நுழைந்தவுடன் செடியானது அதன் ஆர்.என்.ஏ.வை 21 முதல் 24 எழுத்துகள் கொண்ட நுண் துண்டுகளாக வெட்டுகிறது. 2009-இல் சர்க்கரைவள்ளிச் செடியில் அத்துண்டுகளையே படித்துப் பொருத்தி, அதுவரை அறியப்படாத வைரஸ்களையும் கண்டனர். செடி வெட்டி எறிந்த துண்டுகளே அதன் பகைவனைக் காட்டிக் கொடுத்தன.

கண்டதெல்லாம் காரணம் ஆகாது

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு வைரஸின் எழுத்து வரிசை கிடைத்ததனாலேயே நோய்க்கு அதுவே காரணம் என்று முடிவு செய்தல் தவறு. குறி ஏதும் காட்டாமல் வைரஸைத் தாங்கி நிற்கும் செடிகள் பல உண்டு. பூண்டு, திராட்சை போன்று பல் அல்லது தண்டைக் கொண்டு பெருக்கப்படும் பயிர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்கள் சேர்ந்திருத்தலும் இயல்பே. ஆகவே அவ்வைரஸ் நோயுற்ற செடிகளில் மட்டும் உள்ளதா, நல்ல செடிகளிலும் உள்ளதா என்று ஒப்பிடவேண்டும். அதனை நல்ல நாற்றுக்குச் செலுத்தி, அதே குறிகள் தோன்றுகின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

கருவி எத்துணை நுட்பமானதாயினும், அழுகிய இலையிலிருந்து நல்ல விடை தராது. ஆதலின் மாதிரி எடுக்கும்போது பின்வருவனவற்றைப் பின்பற்றுக:

1. குறி தெளிவாகத் தோன்றிய இளம் இலைகளைப் பறிக்க. முற்றிலும் காய்ந்தவை பயன்படா.
2. அதே வயலில் குறியற்ற செடிகளிலிருந்தும் மாதிரி எடுத்துத் தனியே வைக்க. ஒப்பீட்டிற்கு இவை இன்றியமையாதன.
3. ஒவ்வொரு செடிக்கும் பின் கையையும் கத்தியையும் தூய்மை செய்க.
4. ஊர், நாள், பயிரின் இரகம், வயது, கண்ட பூச்சிகள், தெளித்த மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து அனுப்புக.
5. மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, காலம் தாழ்த்தாது சோதனைச்சாலைக்குச் சேர்ப்பிக்க.

விடை வரும் வரையில் 'புதிய வைரஸ்' என்னும் சொல்லை வயலில் வழங்காதிருத்தல் நன்று. சந்தையில் ஒரு வதந்தி விளைவிக்கும் நட்டம், சில வேளைகளில் நோய் விளைவிக்கும் நட்டத்தினும் பெரிதாகும்.