குன்று ஏன் மழுங்குகிறது?

கேள்வி: ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரில் திருச்சி–புதுக்கோட்டை பாதை அமைக்கிறேன். தண்டவாளம் சரி, நம் ஊர்க் களை மட்டும் வரவில்லையே?
– வாசகர், குளத்தூர்

பதில்: நிலத்தைக் கவனியுங்கள். பலரும் இறக்கிப் பயன்படுத்துவது, 2000-இல் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த உயரத் தரவு. அதில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அதனால் நார்த்தாமலையின் செங்குத்துப் பாறைகள் மழுங்கி, வெறும் மேடாகிவிடும். குன்றுகளைப் புகைப்படம் பார்த்துக் கையாலேயே செதுக்குங்கள். அந்த உழைப்பு வீண்போகாது. நிலப்பரப்பில் ஐரோப்பியப் புல்வெளி இருந்தால் அதை அழித்துவிட்டுச் செம்மண், தைலமரக்காடு, கண்மாய்க்கரைப் பனைகள், சீமைக்கருவேலம் வையுங்கள். கண்மாயில் எப்போதும் தண்ணீர் தளும்ப வேண்டாம். சித்திரையில் வெடித்த களிமண்தான் உண்மை. அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதையும் சரிபாருங்கள்.