ஏரிக்குப் போகும் முன் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் ஏரியைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அடுத்து டி-ஷர்ட் அடிப்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு ஆகாயத்தாமரையைப் பிடுங்குவார்கள். ஏரிக்குள் சாக்கடை எந்த வழியாக வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வம்பு. அந்த வழியின் மறுமுனை பல நேரம் டி-ஷர்ட் போட்டவர் வீட்டிலேயே இருக்கும்.

கசப்பாகத்தான் எழுதுகிறேன். கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கீழ்க்கட்டளையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஃபிளாட். கோப்பு எப்படி நகரும், எங்கே தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால்தான் எங்கள் ஏரி நண்பர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

கீழ்க்கட்டளை ஏரி பெயர் தெரியாத ஏரி அல்ல. கூகுள் வேலையை விட்டுவிட்டு ஏரி சீரமைப்பில் இறங்கிய அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012இல் இளையோருக்கான ரோலக்ஸ் விருது கிடைத்ததே, அது இந்த ஏரியை மீட்கும் திட்டத்துக்காகத்தான். அவர் தொடங்கிய அமைப்பின் தன்னார்வலர்கள் இங்கே இறங்கிச் சேற்றில் வேலை செய்தார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெளியிலிருந்து வந்த பிள்ளைகள் குப்பையை அள்ளினார்கள். குடியிருந்த நாம் அவர்களிடமிருந்து போட்டோ எடுப்பதை மட்டும் கற்றுக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இந்த ஏரி தனியாக இல்லை என்பதையும் நம்மில் பலர் யோசிப்பதில்லை. பல்லாவரம் பெரிய ஏரியின் உபரி நீர் இங்கே வர வேண்டும். இங்கே கலங்கல் வழிந்தால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் வந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நம் தெரு வடிகாலில் விடுவது கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது என்று அந்த ஸ்டேட்டஸில் யாரும் எழுதவில்லை. 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் இந்த ஏரிச் சங்கிலியை ஒட்டியிருந்த தெருக்கள் எப்படி மிதந்தன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள்தான்.

இப்போது அந்த ஆகாயத்தாமரைக் கதை. பெரிய நஷ்டம் அதில்தான்.

எங்கள் குடியிருப்போர் குழு ஒன்று வீட்டுக்கு வீடு வசூல் செய்தது. பொக்லைன் வைத்து ஏரியின் ஒரு மூலையைச் சுத்தம் செய்வதாகத் திட்டம். “வேருக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்” என்று கூட்டத்திலேயே சொன்னேன். செயலாளர் சிரித்தார். “மேடம், எல்லாத்துக்கும் அப்ஜெக்ஷன் போடுவீங்க, கருவூலத்துல இருந்தவங்கதானே!” எல்லோரும் சிரித்தார்கள். பணம் நானும் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டுமே.

ஒரு செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பில் பந்து போல் ஒரு வீக்கம், அமுக்கினால் பஞ்சு. கீழே கறுத்த தாடி மாதிரி வேர், அதில் சொட்டச் சொட்டச் சாக்கடைத் தண்ணீர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்தால் போதும், இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். அந்த இரண்டையும் நம் கழிப்பறையும் துணி துவைக்கும் பவுடரும் தினமும் தருகின்றன. விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எறும்பைக் கூட்டித் தள்ளுகிற வேலையைத்தான் எங்கள் குழு செய்தது.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. லாரி வாடகை தனி என்று ஒப்பந்தக்காரர் கையை விரித்ததால் அள்ளியதைக் கரையிலேயே குவித்தார்கள். அது அழுகி, ஐப்பசி மழையில் கரைந்து, சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள்ளேயே போயிற்று. போதாததற்கு, ஓரத்தில் இருந்த சம்பையும் கோரையையும் களை என்று பிடுங்கி எறிந்தார்கள். நீலத் தாழைக்கோழி கூடு கட்டும் இடம் அது. பச்சையாக இருப்பதெல்லாம் களை என்றால் எங்கள் வீட்டுத் துளசியும் களைதான். தை மாதம் அந்த மூலை முழுக்க மறுபடியும் ஊதாப் பூ. வசூல் கணக்கு இன்றுவரை முழுதாக வரவில்லை. கேட்டால் மறுபடியும் கருவூலத்து ஜோக்.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. பங்குனியில், சொட்டு மழை இல்லாத நாளில், தெருவின் மழைநீர் வடிகாலைக் குனிந்து பாருங்கள். அதில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. எங்கள் தெருவில் ஓடியது, நுரையோடு.

யார் வீட்டுத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டாம். துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கினேன். விடியற்காலையில் எங்கள் கழிப்பறையில் பாதியை ஊற்றி ஃப்ளஷ் செய்துவிட்டு, கீழே இறங்கி வடிகால் மூடியின் இடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். பால்காரர் என்ன விழுந்துவிட்டது என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் நீலம் வந்துவிட்டது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. ஏரிப் பக்கத்து மனைகளில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மழைக்காலத்தில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, செப்டிக் டேங்க் பொங்கும், கழிவுநீர் லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டும், பணம் ஆகும். யாரோ ஒரு பிளம்பர் இரவோடு இரவாக டேங்க்கின் மேல்புறத்தில் துளை போட்டு, ஒரு பிவிசி குழாயை வடிகாலில் சொருகிவிடுவார். கட்டடம் விற்றவர் போய்விடுவார், குழாய் இருக்கும். உங்கள் கட்டடத்திலும் இருக்கும். இல்லை என்று சத்தியம் செய்யாதீர்கள், நீலம் ஊற்றிப் பாருங்கள்.

செயலாளரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். “மேடம், இது நம்ம பில்டிங் விஷயம், வெளியே சொல்லாதீங்க” என்றார். “சார், ஏரி நம்ம எல்லாருக்கும் சொந்தம்னு பேனர்ல போட்டது நீங்கதானே” என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை. பல மாதச் சண்டைக்குப் பிறகு குழாயை வெட்டி, துளையைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கும்வரை லாரிச் செலவு என்று மெயின்டனன்ஸ் ஏறியது. அடுத்த சங்கத் தேர்தலில் எனக்கு ஓட்டு விழவில்லை. போகட்டும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஏரியும் கரையும் கலங்கலும் நீர்வளத் துறை. தெரு வடிகால், குப்பை, பாதாளச் சாக்கடை எல்லாம் மாநகராட்சி. 2021 நவம்பரில் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, இன்னும் பழைய முகவரிக்குக் கடிதம் போடாதீர்கள். புறம்போக்கா பட்டாவா என்பது வருவாய்த் துறை, அதாவது வட்டாட்சியர். 200 அடி சாலை ஓர வடிகால் என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒரு மனு, ஒரு குறை, ஒரு அலுவலகம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். முப்பது வருடம் மறுபக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். “ஏன் சுத்தம் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அது கேள்வியே இல்லை. ஏரியின் புல எண்கள், பரப்பு, எல்லை அளந்த தேதி, புலப்பட நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து அறிவிக்காமல் அதில் ஒன்றும் நடக்காது. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் ஆக்கிரமிப்பு என்று கத்தினால் உங்கள் மேல்தான் வழக்கு வரும்.

பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி முதலமைச்சரே பக்கத்தில் பம்மலில் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். அங்கே பேசுவது பதிவாகும். வேலைக்குப் போகிறேன், நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். கல்யாணத்துக்குப் போக நேரம் இருக்கிறதல்லவா?

மரம் நட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையில் பனை விதை போடுங்கள், நம் முன்னோர் காட்டிய வழி. ஏரிக்குள் இறங்கி நடாதீர்கள். அது தண்ணீர் நிற்க வேண்டிய இடம். சிமென்ட் நடைபாதையும் வண்ண விளக்கும் கேட்டு மனு எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆழமில்லாத அந்த ஓரத்தில்தான் பறவை இரை தேடும். அங்கே கான்கிரீட் போட்டுவிட்டுப் பறவை வரவில்லை என்று புலம்புவார்கள்.

எங்கள் வடிகாலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் கட்டடத்துக் குழாய் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. மேல் தெருவில் எத்தனை இருக்கின்றன என்று அங்கே குடியிருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் சொட்டு நீலம் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மழை தொடங்குவதற்குள் ஊற்றிப் பாருங்கள். மழை வந்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் கலந்துவிடும், ஒன்றும் தெரியாது.