திரும்பிப் போகும் வழியை முதலில் போடுங்கள்

பாதுகாப்புக் கேள்வி-பதில்

விடுமுறை நாள் வந்தால் ஜமுனாமரத்தூர் கடைவீதிக்கு மலையூர்கள் எல்லாம் இறங்கி வருகின்றன. போளூர், ஆலங்காயம், அமிர்தி பக்கங்களிலிருந்து சுற்றுலா வண்டிகளும் ஏறி வருகின்றன. கோடை விழா என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கூட்டத்தை நினைத்து ஜவ்வாது மலையிலிருந்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கோடை விழாவுக்கு மேடை, பந்தல், மைக்செட், போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் பேசி முடிக்கிறோம். பாதுகாப்பு என்று தனியாக யோசித்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
(கடைவீதி வியாபாரி, ஜமுனாமரத்தூர்)

மக்கள் வீடு திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். மேடையைச் சுற்றி நூறு பேர் காவல் நிற்பார்கள். கலைந்து போகும் கூட்டத்தின் கூடப் போக யாரும் இருப்பதில்லை.

போகும்போதும் சரி, திரும்பும்போதும் சரி, ஆபத்து வழியில்தான் என்பதற்கு உங்கள் மலையே சாட்சி. 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். புதூர்நாடு பக்கம் புலியூர் கிராமத்து மக்கள் சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஒரே வண்டியில் நெருக்கி ஏறிப் போனார்கள். மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். கோயிலில் நெரிசல் இல்லை, தீ இல்லை. கோயிலுக்குப் போகும் வழிதான் அவர்களைக் கொன்றது.

சென்னையிலும் இதே பாடம்தான். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் பல லட்சம் பேர் கூடினார்கள். உச்சி வெயிலில் நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். சாலைகளிலும் ரயில் நிலையங்களிலும் நகர முடியாமல் நின்றார்கள். அன்று 5 பேர் உயிரிழந்தார்கள்.

ஆகவே விழாக் குழுவின் முதல் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: கடைசி நிகழ்ச்சி முடியும்போது எத்தனை பேர் இருப்பார்கள், எந்தெந்த ஊருக்கு, எதில் போவார்கள்? அதற்கு விடை எழுதிய பிறகு மேடைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் ஊருக்கு நேரத்துக்கு பஸ் இல்லை. குட்டியானையில் ஏறிப் போகாதே என்று சொல்வது சுலபம். பிறகு எதில்தான் போவது?
(இளைஞர் மன்ற உறுப்பினர், புதூர்நாடு)

உங்கள் கோபம் நியாயமானது. வேறு வழி காட்டாமல் தடை மட்டும் போடுவது பாதுகாப்பு ஆகாது. ஆனாலும் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. நின்றுகொண்டு வரும் ஜனத்தின் எடை வண்டியின் மேல்பக்கம் ஏறிவிடும். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் பெரும்பாலும் கைக்கு வராது. செத்தவர் குடும்பம் இரண்டாவது முறையும் நஷ்டப்படும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. விழாவுக்கு மூன்று வாரம் முன்பே ஊர் வாரியாகத் தலைக்கணக்கு எடுங்கள். அந்தக் கணக்கோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் வட்டாட்சியருக்கும் சிறப்புப் பேருந்து கேட்டு மனு கொடுங்கள். "பஸ் விடுங்கள்" என்ற மனுவைவிட "மாலை 5 மணிக்கு இந்த மூன்று ஊருக்கு 140 பேர்" என்கிற மாதிரி மனுவுக்கு மதிப்பு அதிகம். பஸ் நுழையாத ஊர் என்றால் இருக்கை உள்ள வேனைப் பேசி இரண்டு மூன்று நடை அடிக்கச் சொல்லுங்கள். வாடகையை விழாச் செலவில் சேருங்கள். வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதி போதும்.

நிகழ்ச்சியை இருட்டும் முன் முடியுங்கள். இரவு முழுக்கக் கண் விழித்த டிரைவரும் குடித்த டிரைவரும் எனக்கு ஒன்றுதான். இருவர் கையிலும் சாவி கொடுக்காதீர்கள். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறக்கத்தில் இறங்க வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும். இந்த இரண்டையும் சமவெளியிலிருந்து வரும் டிரைவர்களுக்கு அடிவாரத்திலேயே துண்டுச்சீட்டாகக் கொடுத்துவிடுங்கள்.

கூட்டம் எவ்வளவு வரை தாங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? பார்த்த மாத்திரத்தில் தெரியுமா?
(ஊராட்சி உறுப்பினர், ஜவ்வாதுமலை ஒன்றியம்)

தெரியும். கணக்கும் எளிது. குழந்தைகளோடு குடும்பங்கள் வரும் விழா என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 2 பேர் என்று வையுங்கள். 20 மீட்டருக்கு 30 மீட்டர் மைதானம் 600 சதுர மீட்டர். அதாவது 1,200 பேர். மேடை, கடைகள், ஜெனரேட்டர் பிடிக்கும் இடத்தை அதில் கழிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 6, 7 ஆகிவிட்டால் தனி ஆள் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. கூட்டமே அலையாக இழுத்துப் போகும். நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டு நேர்வதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி நேர்கின்றன.

வெளியேறும் வழிக்கும் கணக்கு உண்டு. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் கடக்கலாம் என்பது மைதானங்களுக்கு வைக்கும் அளவு. 3 மீட்டர் வழியில் 240 பேர். 1,200 பேர் வெளியேற ஐந்து நிமிடம். அதே வழியின் இரு பக்கமும் சாமை, தேன், பலாப்பழக் கடை போட்டு ஒன்றரை மீட்டராகக் குறுக்கினால் பத்து நிமிடம். பயந்து ஓடும் கூட்டத்துக்கு அந்த ஐந்து நிமிட வித்தியாசம் பெரியது. கடைகளைத் தடுக்கச் சொல்லவில்லை; மலை மக்களுக்கு அது வருமானம். வழியை விட்டுத் தள்ளி, ஒரே வரிசையாகப் போடச் செய்யுங்கள்.

கண்ணால் பார்த்து அறியவும் ஓர் அடையாளம் உண்டு. தோளோடு தோள் உரசி, கையை உயர்த்த இடமில்லாமல் போனால் உள்ளே வருவதை உடனே நிறுத்துங்கள்.

புத்தாண்டு, காணும் பொங்கலுக்கு விழாக் குழு என்று எதுவுமே கிடையாது. ஜனம் தானாகக் கூடுகிறது. அப்போது யார் பொறுப்பு?
(ஆசிரியை, போளூர்)

மிக முக்கியமான கேள்வி அம்மா. தென்கொரியத் தலைநகர் சியோலில், இட்டேவான் பகுதியில், 2022 அக்டோபர் 29 இரவு நடந்தது இதுதான். விழா நடத்தியவர் என்று யாரும் இல்லை. இளைஞர்கள் தாங்களாகக் கூடினார்கள். சரிவான ஒரு குறுகிய சந்தில் நெரிந்து 159 பேர் இறந்தார்கள். மாலை 6.34 மணிக்கே ஒருவர் போலீஸுக்கு போன் செய்து எச்சரித்திருந்தார். விபத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு முடிவெடுக்க ஒருவர் இருந்திருந்தால் அத்தனை பிள்ளைகளும் வீடு திரும்பியிருப்பார்கள்.

நடத்துபவர் இல்லாத கூட்டத்துக்கு நிர்வாகமே நடத்துபவர். ஆண்டு முழுவதற்குமான விடுமுறை நாள் பட்டியலை ஜனவரியிலேயே எடுத்து, எந்தெந்த நாளில் கடைவீதி நிரம்பும் என்று குறித்துவிடலாம். காவல் நிலையம், வட்டாட்சியர், வனத்துறை, ஆரம்ப சுகாதார நிலையம், வியாபாரிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு மணி நேரம் போதும். அன்று கடைவீதியில் வண்டி நிறுத்தக் கூடாது, 108 ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் எப்போதும் காலி என்ற இரண்டு முடிவை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாமி ஊர்வலத்துக்கு சப்பரம் உயரமாக இருந்தால்தான் அழகு என்கிறார்கள் பையன்கள். சீரியல் செட்டும் போடுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
(கோயில் விழாக் குழு, ஜவ்வாது மலை)

தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேரின் மேல்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. சேம்பரை விபத்து நடந்த அதே மாதம்.

சப்பரத்தை ஜோடிக்கும் முன் ஊர்வலப் பாதை முழுக்க நடந்து, கம்பி எங்கெங்கே தாழ்ந்து தொங்குகிறது என்று பாருங்கள். தாழ்ந்த கம்பியின் உயரம்தான் சப்பரத்தின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஊர்வலம் கடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பைக் கொண்டு கம்பியைத் தூக்கிப் பிடிப்பதை யார் செய்தாலும் தடுங்கள். சீரியல் செட்டுக்கு ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்தாத இணைப்பு வேண்டாம். கோடையில் பிற்பகல் இடிமழை வரும். இடி கேட்டதும் மைதானத்தை விட்டும் மரத்தடியை விட்டும் ஜனத்தைக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள்.

விழாவுக்கு வருகிறவர்கள் அப்படியே பீமன் நீர்வீழ்ச்சிக்கும் படகுத் துறைக்கும் போகிறார்கள். மழை கொட்டினாலும் விழாவை நிறுத்த யாருக்கும் மனசு வருவதில்லை. என்ன செய்யலாம்?
(சுயஉதவிக் குழுப் பெண், ஜமுனாமரத்தூர்)

மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் தண்ணீர் திடீரென ஏறும். மேலே ஓர் ஆள், அருவியில் ஓர் ஆள், இருவர் கையிலும் விசில் வேண்டும். போன் சிக்னலை நம்பி இருக்காதீர்கள். படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக் கூடாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதுவும் ஒரு விடுமுறை ஞாயிறுதான்.

நிறுத்துவதைப் பற்றி: உங்கள் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று மண்சரிவில் 7 பேர் இறந்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள் கார்த்திகை தீபம். மண் இளகியிருக்கிறது என்பதால் அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல உச்சியில் ஏற்றப்பட்டது. திருவண்ணாமலை தீபத்திலேயே அப்படி ஒரு முடிவை எடுக்க முடிந்ததென்றால் எந்த விழாவிலும் முடியும்.

விழாவை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் பெயரை முன்கூட்டியே எழுதி, மேடையிலும் மைக்கிலும் அறிவியுங்கள். எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்: இடி கேட்டால், வழி அடைத்தால், கூட்டம் கணக்கைத் தாண்டினால். அவர் நிறுத்தினால் மறுநாள் யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது என்று விழாக் குழு தீர்மானம் போட வேண்டும். நிறுத்தத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் பழிக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை முதல் கூட்டத்திலேயே போக்கிவிடுங்கள்.