நெட் ஸ்லோவா? முதல்ல ரிசீவரைக் காதுல வை!

தங்கச்சி, நம்ம பக்கம் சின்னமனூர், கூடலூர், போடின்னு இன்னமும் சில வீட்டுல லேண்ட்லைன் செம்புக் கம்பியிலதான் நெட் ஓடுது. பேசுறதுக்குப் போட்ட கம்பி அது. அதுலதான் 2005-ல இருந்து பிஎஸ்என்எல் பிராட்பேண்டையும் அனுப்புது. அதனால நெட் மெதுவானா மோடத்தைக் குறை சொல்லாதே. கோளாறு வீட்டுக்குள்ளயா, வெளியிலயான்னு முதல்ல பிரிச்சுப் பாரு. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிரும்.

1. சத்தத்தைக் கேளு: ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு நம்பரை மட்டும் அழுத்து. டயல் டோன் நின்னுரும். அப்புறம் சில விநாடி அமைதியா இருக்கணும். கரகரன்னோ உஸ்ஸுன்னோ கேட்டா லைன்லதான் கோளாறு. பேச்சே தெளிவா வராத கம்பியில நெட் ஒழுங்கா வராது.

2. எல்லாத்தையும் கழட்டு: பேரலல் போன், ஃபேக்ஸ், காலர் ஐடி டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு, வெளியில இருந்து லைன் வந்து சேருற முதல் பெட்டியில மோடத்தை மட்டும் மாட்டு. லேப்டாப்பை லேன் ஒயர்ல சேர்த்து வேகம் பாரு. நல்லா இருந்தா வீட்டு ஒயரிங்கோ வைஃபையோதான் காரணம். அப்பவும் இழுத்தா, தப்பு வெளியில.

3. ஸ்பிளிட்டரை மறக்காதே: பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற சின்ன டப்பா அது. ‘லைன்’னு போட்டதுல வெளி ஒயர், ‘மோடம்’ல மோடம், ‘போன்’ல போன். அடுத்த ரூமுக்கு இன்னொரு போன் வேணும்னா ஸ்பிளிட்டரோட போன் பக்கத்துல இருந்துதான் எடுக்கணும். நேரா லைன்ல மாட்டினா, போன் அடிக்கிறப்பல்லாம் நெட் அறுந்துரும்.

4. களிம்பு பாரு: முதல் பெட்டியைத் திற. ஸ்க்ரூவுல கம்பி பளபளன்னு இருக்கணும். பச்சையாக் களிம்பு ஏறியிருந்தா, சும்மா முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் இருந்தா, நுனியை வெட்டிச் சுரண்டிப் புதுசா முறுக்கச் சொல்லு. கை வைக்கும்போது கவனம்: மணி அடிக்கிற நேரம் கம்பியில சுமார் 75 வோல்ட் வரும்.

5. ரெண்டு எண்ணைக் குறிச்சு வை: பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா பெரும்பாலான மோடத்துல உள்பக்கம் திறக்கும். டிஎஸ்எல் ஸ்டேட்டஸ்ல எஸ்என்ஆர் மார்ஜினும் (இரைச்சலைத் தாங்க லைன்ல மிச்சமிருக்கிற தெம்பு) அட்டென்யுவேஷனும் (வழியில சிக்னல் தேயுற அளவு) இருக்கும். மார்ஜின் 10 டெசிபெலுக்கு மேல இருந்தா நிம்மதி. 6-க்குக் கீழ போனா அடிக்கடி அறுபடும். அட்டென்யுவேஷன் 30-க்குள்ள இருந்தா நல்ல லைன். 60-ஐத் தாண்டினா நெட் நிக்கிறதே கஷ்டம். வெயில்ல ஒரு தடவை, மழையில ஒரு தடவை எழுதி வை. மழையில மார்ஜின் மட்டும் சரிஞ்சா ஏதோ ஒரு ஜாயிண்ட்ல தண்ணி இறங்குதுன்னு புரிஞ்சுக்கோ.

6. தூரத்துக்கு மருந்து இல்ல: வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணி குறையுற மாதிரிதான், எக்ஸ்சேஞ்சுல இருந்து தள்ளிப்போகப் போக வேகம் குறையும். ஏடிஎஸ்எல்2+ங்கிற செம்புக் கம்பி நெட்டுல 24 எம்பிபிஎஸ்ங்கிறது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான். அஞ்சு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீடுன்னா மோடம் மாத்திக் காசைக் கரைக்காதே, ஃபைபர் வருமான்னு கேளு. 2023-ல இருந்து மத்திய அரசோட கணக்குப்படி குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் இருந்தாத்தான் பிராட்பேண்ட். அதுகூட வராத லைனுக்கு மாசாமாசம் ஏன் பணம் கட்டணும்?

7. காத்தும் இடியும்: ஆனி, ஆடியில கம்பம் கணவாய்க் காத்து அடிச்சா, போஸ்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல தொங்குற ஒயர் ஆடி ஆடி ஜாயிண்ட் தளரும். தென்னை மட்டை உரசுதான்னு பார்த்து விலக்கிக் கட்டச் சொல்லு. ஐப்பசியில இடி இடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கரண்ட் பிளக்கோட டெலிபோன் ஒயரையும் மோடத்துல இருந்து உருவிடு. இடி போன் கம்பி வழியாவும் வரும்.

8. புகாரை இப்படிச் சொல்லு: “நெட் ஸ்லோ”ன்னு மட்டும் சொன்னா, மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் பதில் வரும். “முதல் பெட்டியில நேரா மாட்டிப் பார்த்தேன், போன்ல கரகரப்பு இருக்கு, மழையில மார்ஜின் 5-க்கு வந்துருது”ன்னு சொல்லு. லைன்மேன் நேரா வெளி ஜாயிண்ட்டைத் தேடிப் போவார். புகார் நம்பரை வாங்கி எழுதி வை. அவர் சரி பண்ணிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி, அவர் பக்கத்துல இருக்கும்போதே ரிசீவரைக் காதுல வச்சு, அந்த ரெண்டு எண்ணையும் இன்னொரு தடவை பார்த்துரு.