பொறிக்குள் ஒரு பொறி

'பொறி' என்பது பலபொருள் குறித்த ஒரு சொல். இயந்திரமும் பொறி, நெருப்புத் துகளும் பொறி, கண், செவி முதலிய புலனுறுப்புகளும் பொறி. இம்மூன்றும் ஒன்றுகூடும் இடத்தை இப்பாடத்தில் காண்போம்.

தமிழகக் கடற்கரையில் மீன்பிடிக்கச் செல்லும் பைபர் படகுகள் சிலவற்றின் பின்புறத்தில் சிறிய பெட்ரோல் இயந்திரம் மாட்டப்பட்டிருக்கும். படகின் உள்ளே பதிக்காமல் வெளியே பொருத்துவதால் அதனை 'அவுட்போர்டு' என்பர். நடுக்கடலில் அது நின்றுவிட்டால், படகு நீரோட்டத்தில் இழுபடும். அலைக்குப் பக்கவாட்டில் திரும்பினால் கவிழவும் கூடும். எனவே, பழுதைப் பிழையின்றி அறிவது உயிர்காக்கும் அறிவாகும்.

இவ்வியந்திரம் இயங்க மூன்று தேவை: காற்றோடு கலந்த எரிபொருள், அக்கலவையின் அழுத்தம், உரிய நொடியில் தோன்றும் தீப்பொறி. கயிற்றை இழுத்ததும் சுழலும் சக்கரத்திலுள்ள காந்தங்கள் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, 'ஸ்பார்க் பிளக்' முனையிலுள்ள ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவுகிறது. அத்தாவலே தீப்பொறி.

இயந்திரம் கிளம்பவில்லை எனில், தேர்ந்த மெக்கானிக் எளியதிலிருந்து தொடங்குவார். ஓட்டுபவர் கடலில் விழுந்தால் இயந்திரம் தானே நிற்பதற்காக, அவர் உடலோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு ஒன்று உண்டு. அதன் கொக்கி நழுவியிருந்தால் பொறி தோன்றாது. பழுதே இல்லாமல் இயந்திரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை எனலாம். ஈரமாயிருந்து பெட்ரோல் மணம் வீசினால், எரிபொருள் வந்தும் எரியவில்லை. ஐயம் தீப்பொறியின்மேல் திரும்பும். பிளக்கைத் துடைத்து, மீண்டும் அதன் கம்பியில் மாட்டி, பெட்ரோல் ஆவிக்கு எட்டாத இடத்தில் இயந்திரத்தின் உலோகத்தோடு பொருந்த வைத்துக் கயிற்றை இழுக்கச் செய்வார். நீலநிறப் பொறி 'பட்' என்று தாவினால் மின்பகுதி பெரும்பாலும் நலம். பொறி மங்கினாலோ தோன்றாவிட்டாலோ, பிளக், அதன் மூடி, கம்பி, இணைப்புகள் என ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்வார். உப்புக்காற்றில் அரிபட்டுப் பச்சை பூத்த செம்புமுனை ஒன்றே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. நிறுத்தும் ஸ்விட்சின் கம்பியைப் பிரித்ததும் பொறி வந்தால், பழுது ஸ்விட்சில் உள்ளது. இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் விலையுயர்ந்த கம்பிச்சுருளை ஐயுறுவார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது அவர் கைக்கொள்ளும் விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், இயந்திரம் ஓடினாலும் பழுது எதுவென்று தெரியாது. அடுத்த முறை கடலில் அது நிற்கும்போது, தேடலை முதலிலிருந்து தொடங்க நேரும்.

கண் நிறம் கண்டது. மூக்கு மணம் அறிந்தது. செவி ஒலி கேட்டது. ஐம்பொறிகளின் துணையால், பொறிக்குள் மறைந்த பொறியைத் தேடிக் காண்பதே பழுதறியும் கலை.

எச்சரிக்கை: உயர் மின்னழுத்தமும் பெட்ரோல் ஆவியும் ஆபத்தானவை. மாணவர்கள் இச்சோதனையைச் செய்தல் கூடாது.

அருஞ்சொற்பொருள்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
ஒருங்கே – ஒரே நேரத்தில்
கைக்கொள்ளுதல் – பின்பற்றுதல்

பயிற்சி
1. பிளக்கின் முனை ஈரமாக இருப்பது எதனை உணர்த்துகிறது?
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது ஏன்?
3. 'பொறி' என்னும் சொல்லை மூன்று பொருள்களில் அமைத்து மூன்று தொடர்கள் எழுதுக.
4. உங்கள் வீட்டு மின்விசிறி சுழலவில்லை. எவற்றை, எந்த வரிசையில் கவனிப்பீர்கள்? பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.