கை நீட்டியவனைக் கேளுங்கள்





2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடந்தது. இடம் கொள்ளாத கூட்டம். டிக்கெட் வாங்கிய பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். கூட்டத்தைப் பயன்படுத்தித் தங்கள் உடலைத் தொட்டார்கள் என்று பெண்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

அந்த வாரம் பள்ளிவாசல் வாசலில் என் காதில் விழுந்த பேச்சு: “அங்கே அவளுக்கு என்ன வேலை?”

இசை கூடுமா, கூடாதா என்பது தனி மஸ்அலா. இன்றைய கேள்வி வேறு. ஒரு பெண் எங்கே நின்றாலும், அவள்மேல் கை வைப்பது யாருக்காவது ஹலாலாகுமா?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு பெண் தொழுகைக்குப் போகும் வழியில் பலவந்தப்படுத்தப்பட்டார். திர்மிதியில் வரும் செய்தி இது. அவர் போனது கச்சேரிக்கு அல்ல, தொழுகைக்கு! நபியவர்கள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள்.

கடைசி ஹஜ்ஜில் கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் மார்க்க விளக்கம் கேட்க வந்தார். நபியவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் (ரழி) அவரையே பார்த்தார். நபியவர்கள் அந்தப் பெண்ணை விரட்டவில்லை. ஃபழ்லின் முகத்தைத் தம் கையால் திருப்பினார்கள். பெண்ணின் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். புகாரியில் இது உள்ளது.

சூரத்துந் நூரைப் பாருங்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30-வது வசனத்தில் முதலில் ஆண்களுக்கு. அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. நாமோ முதல் வசனத்தைத் தாண்டிவிட்டு இரண்டாவதை மட்டும் பயான் செய்கிறோம்.

சகோதரர்களே! இது பனையூரோடு முடிந்த கதையல்ல. அரியமங்கலத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில், காந்தி மார்க்கெட் நெரிசலில், கந்தூரிக் கூட்டத்தில் நம் பெண்களும் நிற்கிறார்கள். நடந்ததை வீட்டில் சொன்னால் ‘ஏன் போனாய்?’ என்று கேட்பார்கள் எனப் பயந்து எத்தனை பேர் வாய் மூடியிருக்கிறார்களோ!

ஆகவே, உங்கள் மகள் சொன்னால் முதலில் நம்புங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட முக்கியம், இன்று இரவு உங்கள் மகனை அருகில் உட்கார வைத்துப் பேசுங்கள். ஃபழ்லின் முகத்தைத் திருப்பிய அந்தக் கையின் வேலை இன்று தகப்பன்மார்களாகிய நம்முடையது.

அல்லாஹ் நம் கைகளையும் கண்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.