தேசம், காலம், பாத்திரம்

பங்சாரில் ஜாலான் மாரோஃப் ஏற்றத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதியிலேயே மூச்சு வாங்கும். போன மாதம் நாங்கள் ஆறு பேர் அந்தப் பக்கம் 10 கிலோமீட்டர் ஓடினோம். கிலோமீட்டருக்கு 5 வெள்ளி என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கியிருந்தோம். குடிநுழைவுத் தடுப்பு முகாமில் இருப்பவர்களின் வழக்கறிஞர் செலவுக்கு அந்தப் பணம்.

ஓடுவதைவிடக் கேட்பதுதான் கஷ்டம். கோயிலில் பழக்கமான ஓர் அங்கிள், "அன்னதானம்னா 100 வெள்ளி தரேன் தம்பி. சட்டத்த மீறி வந்தவங்களுக்கு எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வார வகுப்பில் அதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

கைம்மாறு எதிர்பாராமல், தகுந்த தேசத்தில், காலத்தில், பாத்திரத்துக்குக் கொடுப்பதே சாத்விக தானம் என்கிறது கீதையின் 17ஆம் அத்தியாயம். அங்கிள் கேட்டது பாத்திரத்தைப் பற்றி. நியாயமான கேள்விதான்.

தேசத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம் தாத்தா பாட்டிகளும் கப்பலேறி வந்தவர்கள்தானே.

காலம்தான் என்னை உலுக்கியது. கூட்டரசு அரசமைப்பின் 5ஆவது பிரிவுப்படி, கைதாகிறவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபடும் வெளிநாட்டவருக்கு அது 14 நாள். விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. கையில் காசில்லை, மொழி தெரியாது என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டவிரோதமாக நுழைந்ததாகத் தீர்ப்பானால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை கிடைக்கலாம்.

இனி பாத்திரம். ஒருவர் பெர்மிட்டோடுதான் வந்திருப்பார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார். 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி அது முதலாளியின் குற்றம். யார் மீறியவர், யார் மாட்டிக்கொண்டவர் என்று நானும் அங்கிளும் வெளியே நின்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் வழக்கறிஞரும் நீதிமன்றமும்.

ஆஸ்திரேலியாவின் பிலோயலா ஊரில் வாழ்ந்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அவர்களை, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடு, நாடு கடத்த விமானத்தில் ஏற்றியாகிவிட்டது. விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிபதி தொலைபேசியில் தடையுத்தரவு போட்டார். டார்வினில் இறக்கப்பட்டார்கள். பிறகும் தடுப்புக் காவல்தான், கிறிஸ்மஸ் தீவில். ஆனாலும் 2022 ஜூனில் பிலோயலாவுக்கே திரும்பினார்கள். இடையில் 2020இல், வழக்குச் செலவாக 2 லட்சம் டாலருக்கு மேல் அரசு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அந்தத் தொகையே போதும்.

எங்களுக்குச் சேர்ந்தது 1,850 வெள்ளி. அங்கிளிடம் மறுபடி போய் இதையெல்லாம் சொன்னேன். "பணம் யார் கைக்குப் போகுது?" என்று ரசீதைக் கேட்டுப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் தரவில்லை. அடுத்த ஓட்டம் எப்போது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது 5ஆவது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கம்கூட இருக்காது.